திணறலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு

பழைய கார்புரேட்டர் புல்லட் முறுக்கும்போது திணறினால், வயசான வண்டியின் வீம்பு என்று சொல்லி ஒதுக்குவது வழக்கம். உண்மையில் அந்தத் திணறலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது; ரசிக்க வேண்டியதும் அதைத்தான். கார்புரேட்டருக்குள் வேலைப் பிரிவினை உண்டு: ஆக்சிலேட்டர் ஏறக்குறையக் கால் பங்கு திறக்கும்வரை ஸ்லோ ஜெட், பிறகு முக்கால் பங்குவரை ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். எந்த இடத்தில் முக்குகிறது என்று கவனித்தாலே எதைக் கழற்றுவது என்று பாதி தெரிந்துவிடும். கிளம்பும்போது மட்டும் தடுமாறினால், ஸ்லோ ஜெட்டின் நுண்துளையில் பழைய பெட்ரோலின் பிசின் படிந்திருக்கலாம். சோக்கை லேசாகப் போட்டதும் சீரானால் பெட்ரோல் குறைகிறது, அல்லது பேக்கிங் வழியே காற்று புகுகிறது. பிளக்கின் நிறம் இதற்குச் சாட்சி: வெளுப்பு பற்றாக்குறை, கரி மிகுதி, காப்பிப்பொடி நிறம் சரியான கலவை.

மின்பொறிக் கோளாறும் இப்படித்தானே திணற வைக்கும் என்று கேட்கலாம். வைக்கும், ஆனால் தேய்ந்த சி.பி. பாயிண்டும் பழுதான கண்டென்சரும் பெரும்பாலும் சோக்குக்கு மசிவதில்லை. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கிறதா என்று பார்த்தால் அந்தச் சந்தேகமும் குறையும். புதிய வண்டிகளைப் போலப் பழுதைக் காட்டும் ஸ்கேனர் இருந்தால் இத்தனை யோசனை எதற்கு என்பாரும் உண்டு. ஸ்கேனர் ஓர் எண்ணைத்தான் காட்டும், காரணத்தை மனிதன்தான் தேட வேண்டும். அந்தத் தேடலுக்கு ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்ப்பது. ஜெட், பிளக், பாயிண்ட் மூன்றையும் சேர்த்து மாற்றினால் வண்டி ஓடலாம். ஆனால் குற்றவாளி யாரென்று தெரியாததால் அடுத்த முறையும் மூன்றுக்கும் காசு அழ வேண்டும்.