இரவல் தருவது ஒரு வசதியா?

மின்வாசிப்புக் கருவிகளின் போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் அனேகமாக ஒரு அட்டவணையோடுதான் தொடங்குகிறார்கள். திரை, எடை, விலை. ஒரு பிரதியில் சொல்லாமல் விடப்பட்டதுதான் முக்கியம் என்று வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த அட்டவணையையும் அப்படி ஒரு பிரதியாக வாசித்தால் என்ன?

2010 ஜூன் 21. அமெரிக்கப் புத்தகக்கடை நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிள் தன் நூக் கருவியின் விலையை 259 டாலரிலிருந்து 199 ஆக்கியது. சில மணி நேரத்துக்குள் அமேசான் கிண்டிலை 259-லிருந்து 189-க்கு இறக்கியது. 2007-இல் 399 டாலருக்கு வந்த கிண்டில். சந்தை வாசகனுக்காக வேலை செய்கிறது என்கிற சொல்லாடலுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது, மறைப்பானேன்.

ஆனால் போட்டி எதில்? கிண்டில், நூக், கோபோ, சோனி ரீடர் என்று நாலு பேருடைய திரையும் இ-இங்க் என்கிற ஒரே நிறுவனத்தின் சரக்கு. நாம் பார்க்கிற பரப்பு ஒன்றுதான். விஷயம் திரைக்குப் பின்னால் இருக்கிற கடையில். கருவியில் லாபம் வைப்பதில்லை, அடக்கவிலைக்கே விற்கிறோம் என்று 2012-இல் ஜெஃப் பெசோஸே சொல்லிவிட்டார். அப்படியானால் விலைக்குறைப்பு என்பது வாசகனைப் பிடிப்பதற்கு மூலதனம் செய்கிற செலவு, அவ்வளவுதான். 2011-இல் விளம்பரம் பார்க்கச் சம்மதித்தால் கிண்டில் 79 டாலர், முடியாது என்றால் 109. கண்ணுக்கு 30 டாலர் என்று விலை போட்டாயிற்று.

என்னை அதிகம் உறுத்துவது இரவல். வாங்கிய புத்தகத்தை நண்பருக்கு இரவல் தரலாம் என்பதை நூக் ஒரு 'வசதி'யாக முன்வைத்தது. 14 நாள். ஒரு புத்தகத்தை ஒரே ஒரு தடவை. அதுவும் பதிப்பாளர் அனுமதித்தால். கொடுத்தவர் அந்த 14 நாளும் அதைப் படிக்க முடியாது. 2010 முடிகிற நேரத்தில் கிண்டிலும் அதே 14 நாளைக் கொண்டுவந்தது. போட்டியாம்! அச்சுப் புத்தகத்தில் யாரையும் கேட்காமல் செய்துகொண்டிருந்த காரியம் இது. அதைப் பிடுங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, ஒரு துண்டைத் திருப்பித் தந்து அட்டவணையில் ஏற்றுகிறார்கள். நாம் படித்ததில் பாதி இரவல். அதில் எத்தனையைத் திருப்பிக் கொடுத்தோம் என்று கேட்காதீர்கள்.

2009 ஜூலையில், உரிமை இல்லாதவர் விற்ற பிரதிகள் என்று சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டையும் வாங்கியவர்களின் கிண்டிலுக்குள்ளிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆர்வெல் என்பதால் உலகம் சிரித்தது. வேறு புத்தகமாக இருந்திருந்தால் செய்தியாகியிருக்குமா என்பது சந்தேகம்.

கோபோ இருக்கிறதே, இபப் திறந்த வடிவம்தானே என்று தோழர்கள் கேட்கிறார்கள். உண்மை. நூலகப் புத்தகத்தையும் அதில் படிக்கலாம். இந்த வித்தியாசத்தை நான் சின்னதாக்க மாட்டேன். ஆனால் கடை முழுவதையும் பூட்டில்லாமல் திறக்கிறோம் என்று இந்த நால்வரில் எவரும் போட்டிக்கு வரவில்லை. 2014-இல் சோனி ஒதுங்கிக்கொண்டபோது வட அமெரிக்காவில் அதன் வாசகர்களைக் கோபோவிடம் மாற்றிவிட்டார்கள், வங்கிக் கணக்கை மாற்றுகிற மாதிரி. 2025 பிப்ரவரியில், வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கிண்டிலில் ஏற்றிக்கொள்கிற வழியை அமேசான் மூடியது. ஏற்கெனவே விற்றிருந்த கருவிகளின் திரையும் எடையும் மறுநாளும் அப்படியேதான் இருந்தன.