நடைப்பிணமும் மனிதக் குரலும்: ஜாம்பித் திரைப்படங்களின் மரபு குறித்து

தமிழில் ‘நடைப்பிணம்’ என்னும் சொல், உயிரோடிருந்தும் உணர்வும் தன்விருப்பும் இழந்து திரிபவரைக் குறிக்கும். ஜாம்பித் திரைப்படங்களை ஆராயப் புகுவோர்க்கு இச்சொல் நல்லதொரு தொடக்கமாகும். ஜாம்பி என்னும் கருத்து உருப்பெற்ற ஹெய்ட்டியிலும், பிணத்தைவிட அடிமை நிலையே பெரிதும் அஞ்சப்பட்டது. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற ஆப்பிரிக்கர்க்குச் சாவு ஒரு விடுதலை. செத்த பின்னும் பிறர் ஏவலுக்கு உழைக்க நேருமோ என்பதே அந்நம்பிக்கையின் உள்ளீடு எனலாம்.

அமெரிக்கப் படைகள் ஹெய்ட்டியை ஆக்கிரமித்திருந்த காலத்தில் (1915–1934) வெளிவந்த ‘ஒயிட் ஜாம்பி’ (1932) இவ்வச்சத்தை ஓரளவு பேணியது. அதில் சர்க்கரை ஆலையில் இயந்திரத்தைச் சுழற்றும் ஜாம்பிகளுடன் உழைக்கும் ஒருவர் தவறி உள்ளே விழ, ஏனையோர் திரும்பியும் பாராமல் தொடர்ந்து சுழற்றுகின்றனர். இவர்கள் மனிதரை உண்பவர் அல்லர், ஓயாது உழைப்பவர்.

ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) இந்நிலையை மாற்றியது. படத்தினுள் ஜாம்பி என்னும் சொல்லே இடம்பெறாதபோதும், இன்று நாம் அறிந்த இலக்கணத்தை வகுத்தது அதுவே. முதல், கரு, உரி என்னும் தொல்காப்பியப் பகுப்பை ஈண்டுப் பொருத்திக் காணலாம். அடைபட்ட வீடும் நீளும் இரவும் முதற்பொருள். சன்னலில் அறையப்படும் பலகை, செய்தி கூறும் வானொலி, துப்பாக்கி ஆகியன கருப்பொருள். உள்ளிருப்போரிடையே எழும் பூசலே உரிப்பொருள். அன்புக்குரியவரே மாறிவந்து தாக்குவதும், தலையைத் தாக்கினாலன்றி வீழாமையும் இம்மரபின் விதிகள். இவ்விதிகளைப் பார்வையாளர் முன்னரே அறிவர், பாத்திரங்கள் அறியா. கடியுண்டவர் தம் காயத்தை மறைக்கும்போது நாம் துணுக்குறுவது இவ்வறிவினாலேயே. அறிந்த விதி எப்போது, எவர்மீது வந்து விழும் என்னும் எதிர்பார்ப்பே இப்படங்களின் ஈர்ப்புக்கு அடிப்படை எனக் கருதுகிறோம்.

எனினும் இம்மரபில் ஓர் இடர் உண்டு. உழைப்பாளியாய் இருந்த நடைப்பிணம் பகைக் கூட்டமாய் மாறியதும், குற்றவுணர்வின்றிக் கொல்லும் உரிமை கதைமாந்தர்க்குக் கிடைத்துவிடுகிறது. முகமும் பெயரும் அற்ற திரளைச் சுடுவதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை. பிற்காலப் படங்கள் பல இவ்வுரிமையின் சுவையிலேயே நின்றுவிட்டன. சிறந்த படங்களோ அதனை வினாவுக்கு உட்படுத்தின.

ரொமேரோ படத்தின் முடிவு இதற்குச் சான்றாகும். கறுப்பினத்தவரான டுவேன் ஜோன்ஸ் நடித்த பென் என்பவர் இரவு முழுதும் போராடி உயிர் பிழைக்கிறார். விடிந்ததும் வேட்டைக் குழுவினர் தொலைவிலிருந்தே அவரை நடைப்பிணமெனக் கருதிச் சுட்டுக் கொன்று, ஏனைய உடல்களோடு எரிக்கின்றனர். ஒரு சொல் பேசவும் அவர்க்கு வாய்ப்பில்லை.

தென்கொரியாவின் ‘டிரெயின் டு பூசான்’ (2016) இம்முடிவுக்கு விடை கூறுவதுபோல் அமைந்துள்ளது. தொற்று இல்லாதோரையும் ஐயுற்றுக் கதவடைக்கும் பயணியரை முன்னர்க் காட்டும் அப்படத்தில், இறுதியாக எஞ்சுவோர் ஒரு சிறுமியும் ஒரு கருவுற்ற பெண்ணுமே. இருண்ட சுரங்கப்பாதையில் நடந்துவரும் அவர்களை இன்னாரென அறியாத படைவீரர்க்குச் சுடுமாறு ஆணை வருகிறது. அவ்வேளையில் சிறுமி அழுதவாறே பாடும் பாட்டுக் கேட்கிறது, துப்பாக்கிகள் தாழ்கின்றன.

ஒருவர் மனிதரா அல்லரா என முடிவு செய்யுமுன் அவர் குரலுக்குச் செவிசாய்க்கிறோமா என்பதே இவ்விரு படங்களும் எழுப்பும் வினா. ஹெய்ட்டியின் கரும்புத் தோட்டங்களில் செவிமடுக்கப்படாது போனதும் அக்குரலே. இப்படங்களை வகுப்பறையில் எடுத்தாளும் ஆசிரியர்கள், சிந்தும் குருதியின் அளவை விடுத்து இவ்வினாவையே மதிப்பீட்டு அளவுகோலாகக் கொள்ளுதல் தகும்.