போன் யாருடையது?

கணினி ஆய்வுக் கட்டுரையை இலக்கியம் மாதிரி வாசிக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? 2022இல் வெளிவந்த ஒன்றை அப்படித்தான் வாசித்தேன். மும்பையின் அர்மான் தொண்டு நிறுவனம், எம்மித்ரா திட்டத்தில், கர்ப்பிணிகளுக்கும் குழந்தை பெற்றவர்களுக்கும் வாரந்தோறும் பதிவுசெய்த குரலில் உடல்நலத் தகவல் அனுப்புகிறது. நாளாக ஆக நிறையப் பேர் கேட்பதை விட்டுவிடுகிறார்கள். பணியாளர் ஒருவர் போன் போட்டுப் பேசினால் சிலர் திரும்ப வருவார்கள்; ஆனால் பேச ஆட்கள் கொஞ்சம்தான். அப்போ யாரைக் கூப்பிடுவது? கூகுள் ரிசர்ச் ஆய்வாளர்களும் அர்மானும் சேர்ந்து இந்தக் கேள்வியைத்தான் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தார்கள்.

23,003 பெண்கள், மூன்று குழு, 7 வாரம். முறைவைத்துக் கூப்பிட்டதில் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. அல்காரிதம் சொன்னவர்களைக் கூப்பிட்டபோது விலகல் சுமார் 30 சதவீதம் குறைந்தது. சின்ன விஷயம் இல்லை இது. கடைசியில் பேசுவதும் மனிதர்தான். 'ஏஐ வறுமையை ஒழிக்கும்' ரக மேடைப்பேச்சுகளுக்கு நடுவே இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

என் தகராறு சொற்களோடு. இந்தக் கணித முறைக்கு 'ரெஸ்ட்லெஸ் பேண்டிட்' என்று பெயர். காசு போட்டுக் கைப்பிடியை இழுக்கும் சூதாட்ட இயந்திரத்தை ஆங்கிலத்தில் ஒற்றைக்கைக் கொள்ளைக்காரன் என்பார்கள், அங்கிருந்து வந்தது. அந்தக் கைப்பிடிதான் 'கை'. கட்டுரையில் ஒவ்வொரு தாயும் ஒரு கை. இழுக்காவிட்டாலும் நிலை மாறிக்கொண்டே இருப்பதால் 'அமைதியற்ற' கை. 1988இல் பீட்டர் விட்டில் இந்தக் கணக்கை எழுதியபோது தாய்மார்களை நினைத்திருக்க மாட்டார், சரிதான். கலைச்சொல்லைப் பிடித்துத் தொங்குகிறேன் என்றும் சொல்லலாம். ஆனால் கைப்பிடியிடம் யாரும் 'ஏம்மா எடுக்கல?' என்று கேட்பதில்லையே.

பதிவை 30 வினாடிக்கு மேல் கேட்டால் அவர் 'ஈடுபட்டவர்'. கேட்டது புரிந்ததா, மாத்திரை வாங்கக் காசு இருந்ததா, இதெல்லாம் அந்த அளவுகோலில் ஏறாது. ஆட்கள் ஏன் குறைவு, அதற்கு யார் பணம் தர வேண்டும் என்பதும் சமன்பாட்டுக்கு வெளியே. பற்றாக்குறை அங்கே மழை வெயில் மாதிரி, இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் தரவுகளில் ஒரு கட்டம் உண்டு: போன் யாருடையது? அவருடையதா, கணவருடையதா, குடும்பத்துடையதா? மொத்தக் கட்டுரையிலும் பெரிய கதை அதற்குள்தான் இருக்கிறது. போன் கணவரின் சட்டைப்பையில் ஏறி வேலைக்குப் போய்விட்டால் எதைக் கேட்பது? அல்காரிதத்துக்கு அது கணிக்க உதவும் ஒரு விவரம். அந்த வீட்டில் அது அதிகாரம். அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, விலகிப் போன பெண்களிடமே உட்கார்ந்து பேசி யாராவது எழுதினால், எத்தனை பக்கமானாலும் வாசிப்பேன்.