ஊட்டத்தைக் குறைத்தால் போதுமா?

லேத்தில் கடையும் பாகத்துக்கு நல்ல ஃபினிஷ் வர வேண்டுமானால் ஃபீடைக் குறைக்க வேண்டும் என்பது பட்டறைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் விதி. ஃபீடு எனப்படும் ஊட்டம், வேலைப்பொருள் ஒருமுறை சுழலும்போது உளி நகரும் தூரமாகும். உளியின் முனை சிறு வட்டவில்லாக இருப்பதால், சுற்றுக்குச் சுற்று அது விட்டுச்செல்லும் பள்ளங்களுக்கிடையே மேடுகள் எஞ்சுகின்றன. ஊட்டத்தின் வர்க்கத்தை முனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் மேட்டின் உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். முனை ஆரம் 0.8 மி.மீ., ஊட்டம் 0.2 மி.மீ. என்றால் மேடு 6.25 மைக்ரான், ஊட்டம் பாதியானால் அது காற்பங்காகக் குறைகிறது. வெட்டு ஆழத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அளவுகருவி இல்லாத டர்னருக்கும் பயன்படும் இந்த எளிமையே விதியின் பெரும்பலம்.

ஆனால் இது வெறும் வடிவியல் கணக்கு. உலோகம் உளியின் விளிம்பில் சுத்தமாக அறுபடுகிறது என்று முன்கூட்டியே நம்பிக்கொள்கிறது. மைல்டு ஸ்டீலைக் குறைந்த வேகத்தில் கடைந்தால் அந்த நம்பிக்கை பொய்த்துப்போகிறது. அப்போது உலோகத் துணுக்குகள் அழுத்தத்தால் உளிமுனையில் ஒட்டி வளர்ந்து, அவ்வப்போது பிய்ந்து, மேற்பரப்பையும் கிழித்துவிடுகின்றன. 100 மி.மீ. விட்டமுள்ள தண்டின் முகப்பை நிமிடத்துக்கு 500 சுற்றில் ஃபேசிங் செய்யும்போது இதைக் கண்ணாலேயே காணலாம்: வெளிவிளிம்பில் நிமிடத்துக்குச் சுமார் 157 மீட்டராக இருக்கும் வெட்டு வேகம், 20 மி.மீ. விட்டத்தில் 31 மீட்டராகச் சரிவதால், ஓரம் பளபளக்க, நடுப்பகுதி மங்கிச் சொரசொரப்பாகிறது. ஊட்டமோ எங்கும் ஒன்றே. சி.என்.சி. இயந்திரங்களில் விட்டம் சுருங்கச் சுருங்கச் சுற்றைக் கூட்டும் ஏற்பாடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊட்டத்தை அளவுக்கு மீறிக் குறைத்தாலும் கேடுதான். சீவலின் தடிமன் உளிவிளிம்பின் மழுங்கலைவிடக் குறைந்ததும், உளி வெட்டாமல் தேய்க்கத் தொடங்கும். முனை ஆரத்தைப் பெருக்குவது மாற்றுவழி எனினும், மெலிந்த நீண்ட தண்டுகளில் அது அதிர்வை எழுப்பி அலைத்தடம் பதித்துவிடும்.

பொறியியல் கல்லூரிகளில் டகுச்சி முறைப்படி வேகம், ஊட்டம், ஆழம் ஆகியவற்றை மும்மூன்று நிலைகளில் வைத்து ஒன்பது சோதனைகளோடு முடிக்கும் ஆய்வுகள், ஊட்டமே முதன்மை என்ற முடிவுக்கே பெரும்பாலும் வருகின்றன. கார்பைடு உளிக்குப் பொருத்தமான உயர்வேகங்களை மட்டும் தேர்ந்துகொண்டால் வேகத்தின் பங்கு சிறிதாகத் தெரிவதில் வியப்பில்லை. காரணிகள் ஒன்றையொன்று பாதிப்பதைத் தெளிவாகப் பிரித்தறிய ஒன்பது சோதனைகள் போதா. ஆர்.ஏ. என்ற சராசரிச் சொரசொரப்பு எண்ணை மட்டும் அளப்பதும் குறையே, ஏனெனில் ஒழுங்கான ஊட்டத்தடமும் கிழிந்த பரப்பும் ஒரே எண்ணைத் தரக்கூடும்.

ஆகவே வேகத்தையும் பிடிப்பின் உறுதியையும் முதலில் சரிசெய்த பிறகே ஊட்டத்தைத் தொட வேண்டும். அந்த வரிசை தவறினால், ஊட்டத்தைப் பாதியாக்குவது வெட்டும் நேரத்தை இரட்டிப்பாக்குவதோடு நின்றுவிடும்.