படக்கதை மாந்தரின் முன்வரலாறும் தொலைக்காட்சி ஆக்கமும்

படக்கதையும் ஆராய்ச்சிக்குரிய பொருளாமோ என ஐயுறுவார் உளர். கூத்தும் நாட்டுப்பாடலும் ஒருகாலத்தில் இவ்வையத்திற்கு ஆளாயினவே. எழுதியோனும் வரைந்தோனும் சேர்ந்து ஒரு மாந்தனைப் படைத்து, அவனைப் பல்லாண்டுகள் திங்கள்தோறும் உலவ விடுகின்றனர் எனின், அப்படைப்பின் உறுப்புகளை ஆராய்தல் இலக்கியத் திறனாய்வுக்குப் புறம்பானதன்று. அவ்வுறுப்புகளுள் ஒன்றையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். கதை தொடங்குமுன் கதைமாந்தனுக்கு நிகழ்ந்தது யாது என்பதைக் கூறும் பகுதியே அது. அதனை முன்வரலாறு என வழங்குவோம். தொலைக்காட்சிக்குப் படக்கதையை ஆக்குவோர் இப்பகுதியையே பெரிதும் பற்றிக்கொள்கின்றனர். அவர் பற்றும் முறை சரிதானா என்பதே எம் வினா.

முன்வரலாற்றை வைக்கும் முறைகள் தமிழுக்குப் புதியன அல்ல. தில்லையில் இருந்து திருத்தொண்டர் புராணம் பாடிய சேக்கிழார், சுந்தரர் திருநாவலூரில் பிறப்பதன் முன்னரே கயிலையில் நிகழ்ந்ததைக் கூறிவிடுகின்றார். மலர் கொய்யுங்கால் கமலினி, அனிந்திதை என்னும் சேடியர்பால் மனம் சென்றமையும், அதனால் மண்ணில் பிறக்கப் பணிக்கப்பட்டமையும் நமக்குத் தெரியும், சுந்தரருக்கு நினைவில்லை. புத்தூர் மணப்பந்தரில் முதிய அந்தணர் ஒருவர் வந்து 'நீ எனக்கு அடிமை' என வழக்கிடுங்கால், அவ்வழக்கின் சுவை முழுதும் இவ்வேறுபாட்டில்தான் பிறக்கின்றது. கற்போன் அறிந்ததை மாந்தன் அறியாதிருத்தலே முன்வரலாற்றை முதற்கண் வைத்தலின் பயன். சுந்தரர்க்கும் கயிலை நினைவிருந்திருப்பின் திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஓலை காட்டவேண்டிய தேவையே இராது.

இளங்கோவடிகள் வேறுநெறி செல்கின்றார். கோவலனின் முன்வரலாற்றை அவர் இருமுறை கூறுகின்றார். இரண்டும் காலந்தாழ்த்தே கூறப்படுகின்றன. மதுரை எரியுண்ட பின்னர் மதுராபதித் தெய்வம் கூறுவது பலரும் அறிந்தது. முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாய்ச் சிங்கபுரத்து அரசனிடம் பணிபுரிந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக் கொல்வித்தான். அவன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையேறி உயிர்நீத்துச் சாபமிட்டாள். இது காரணம் கூறும் முன்வரலாறு. காவியத்தின் தலைப்பில் இது நின்றிருப்பின், பாண்டியன் பிழை ஊழின் கணக்கில் ஓர் எண்ணாகச் சுருங்கியிருக்கும். அவன் அரியணையிலேயே உயிர் துறந்த பின்னர் வருவதால் அவ்விழுக்கு நேர்ந்திலது.

மற்றொன்று அடைக்கலக் காதையில் மாடலன் கூறுவது. யாம் பெரிதும் போற்றுவது இதனையே. மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைக் கண்ட அம்மறையோன், யானையின் பிடியினின்று முதுமறையோனை அவன் மீட்டதையும், கீரியைக் கொன்று கணவனால் கைவிடப்பட்ட பார்ப்பனியின் துயர் தீர்த்ததையும், பூதத்தின்வாய்ப்பட்ட பொய்க்கரியாளனுக்காகத் தன்னுயிர் தர முனைந்ததையும் சொல்கின்றான். அதுகாறும் மாதவியின் மனையில் பொருள் தொலைத்தவனாகவே நாம் கண்ட கோவலன், கொலைக்களம் செல்வதற்குச் சற்று முன்னர் வேறொருவனாகத் தோன்றுகின்றான். அவன் ஏன் இறந்தான் என்பதை இம்முன்வரலாறு விளக்கவில்லை. இறப்பது யார் என்பதைக் காட்டுகின்றது. இவ்வேறுபாட்டைப் படக்கதைகளிலும் காணலாம்.

1938-இல் வெளிவந்த சூப்பர்மேன் முதற்கதை, அழியும் கோளினின்று குழந்தை அனுப்பப்பட்ட செய்தியை ஒரே பக்கத்தில் முடித்துவிட்டு வினைக்குச் சென்றது. 1939 மே மாதம் தோன்றிய பேட்மேனுக்கோ அதுவும் இல்லை. முதலில் முகமூடியும் இரவும் மட்டுமே. பெற்றோர் கண்முன் கொலையுண்ட செய்தி அவ்வாண்டு நவம்பர் இதழில்தான், அதுவும் இரண்டு பக்கங்களில் வந்தது. வினை முன், காரணம் பின் என்னும் இளங்கோவின் வைப்புமுறையையே இதழ்த்தொழிலின் நெருக்கடி தானே கண்டுகொண்டது போலும்.

லீ ஃபால்க் 1936-இல் படைத்த வேதாளனின் முன்வரலாறு இவற்றினும் பழமைச் சாயல் உடையது. 1536-இல் கடற்கொள்ளையரால் தந்தையை இழந்து கரையொதுங்கிய ஒருவன், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின்மேல் கைவைத்துச் சூள் உரைக்கின்றான்; அச்சூளை வழிவழி மைந்தர் ஏற்கின்றனர்; நாம் காண்பவன் இருபத்தொன்றாம் தலைமுறையினன். குடிவரலாறே முன்வரலாறு ஆதலின் ஒவ்வொரு கதையிலும் ஓரிரு கட்டங்களில் அது மீள மீளச் சொல்லப்படுகின்றது. 1964-இல் தொடங்கிய இந்திரஜால் இதழ்கள் இம்முன்வரலாற்றில் கைவைத்தன என்பது குறிக்கத்தக்கது. வேதாளன் வாழும் நாட்டின் பெயர் வங்கத்தை நினைவூட்டியதால் தென்காலி என மாற்றப்பட்டது. கொள்ளையர் கூட்டத்தின் பெயரும் இங்குள்ளார் மனம் நோவாவண்ணம் சிறிது திரிக்கப்பட்டது. கதையைத் தொடாது ஊர்ப்பெயரை மட்டும் மாற்றியமை எளிய செயலாகத் தோன்றலாம். ஆயின் முன்வரலாறு எந்நாட்டில் படிக்கப்படுகின்றதோ அந்நாட்டிற்கும் விடைசொல்லக் கடமைப்பட்டது என்பதற்கு இது சான்று.

இனி இரும்புக்கை மாயாவி. சிவகாசியினின்று 1972-இல் முத்து காமிக்ஸ் இப்பெயராலேயே தன் வெளியீட்டைத் தொடங்கிற்று. மூலம் 1962-இல் ஆங்கில வார இதழான வேலியன்ட்டில் தோன்றியது. வரைந்தவர் எசுப்பானியரான ஹெசூஸ் பிளாஸ்கோ. லூயி கிராண்டெல் என்னும் ஆய்வுக்கூட உதவியாளன் முன்னரே வலக்கை இழந்து இரும்புக்கை பூண்டவன். மற்றொரு விபத்தில் மிகுமின்னழுத்தம் தாக்க, உடல் முழுதும் கண்ணுக்கு மறைகின்றது. இரும்புக்கை மட்டும் மறையவில்லை. இவ்விடத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மறைந்த மனிதனிடத்துப் புலனாய் நிற்பது, அவன் இழந்த உறுப்பின் ஈடு. அவன் எத்துணை மறைந்தாலும் அவனது புண் மறையாது. பிளாஸ்கோவின் தூரிகை வெளியில் தனித்து மிதக்கும் அக்கையை வரையுந்தோறும் முன்வரலாறு சொல்லின்றியே சொல்லப்பட்டுவிடுகின்றது.

யாம் மேல்பட்டாம்பாக்கத்தில் பள்ளிச் சிறாராய் இருந்த நாளில் இவ்விதழ்கள் வரிசையாய்க் கிடைத்ததில்லை. பண்ருட்டியிலோ கடலூரிலோ யாரோ வாங்கியது, பல கை மாறி, முதற்பக்கமும் ஈற்றுப்பக்கமும் இன்றி எம்மிடம் வரும். மாயாவி கையிழந்த வரலாறு எங்களுள் எவரும் படித்திராதது. ஆதலின் அதனை யாமே ஆக்கிக்கொண்டோம். போரில் இழந்தான் என்றான் ஒருவன். இரயிலில் என்றான் மற்றொருவன். கரும்பு வண்டிகள் நாளும் கடந்துசெல்லும் ஊராதலின், ஆலைப் பொறியில் அகப்பட்டது என்பதே பெரும்பான்மையோர் துணிபாயிற்று. பின்னர் உண்மை வரலாற்றைப் படித்தபோது சிறிது ஏமாற்றமே அடைந்தோம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. மூலத்தில் இல்லாத காரணத்தைக் கற்போன் நாடுவதற்குத் தூண்டுகோல் யாது? அந்தக் கைதான். கண்முன் ஓர் அடையாளம் நிற்கின்றது. அதற்கு விடை வேண்டும்.

நல்ல முன்வரலாறு எப்போதும் ஓர் அடையாளத்திற்கே விடையாகின்றது என்பது எம் கருத்து. சிலம்பும், திருவெண்ணெய்நல்லூர் ஓலையும், வேதாளனின் மண்டையோட்டு மோதிரமும் அத்தகையன. அடையாளமின்றி, மாந்தன் ஏன் இத்தகையன் ஆயினான் எனப் பொதுப்படக் கேட்டு விடை தேடுங்கால் முன்வரலாறு முடிவின்றி வளர்கின்றது. தொலைக்காட்சியின் பெரும்பிழை இதுவே. சூப்பர்மேனின் இளமையைக் கூறிய 'சுமால்வில்' 2001 முதல் 2011 வரை 217 பகுதிகள் ஓடிற்று. ஒரே பக்கத்தில் அடங்கியதும் அதன் சூழலும் பத்து ஆண்டுகளாக விரிந்தன. நாயகன் தனக்குரிய உடையோடு வானில் எழுவது இறுதிப்பகுதியில்தான். பேட்மேனின் நகரைப் பொருளாகக் கொண்ட 'கோதம்' 2014 முதல் 2019 வரை நூறு பகுதிகளாக வந்தது. அங்கு நாயகனுக்கு மட்டுமன்றி, பகைவர் ஒவ்வொருவர்க்கும் இளமைக்காலம் படைக்கப்பட்டது. கலைஞர் திறமையைக் குறைகூற எண்ணவில்லை. சிற்சில பகுதிகள் நன்கு அமைந்தவையே. ஆயினும் எல்லார்க்கும் முன்வரலாறு உண்டெனில் ஒருவர்க்கும் மறைபொருள் இல்லையாகிவிடுகின்றது. ஜோக்கர் என்னும் பகைவனை நோக்குக. 1951-இல் ஒரு வரலாறும், 1988-இல் ஆலன் மூர் எழுதிய 'தி கில்லிங் ஜோக்' நூலில் வேறொன்றும் தரப்பட்டன. பின்னதிலோ தன் பழமையைத் தானே ஒருகால் ஒருவகையாகவும் மற்றொருகால் வேறுவகையாகவும் நினைப்பதாக அவன் சொல்கின்றான். அவ்வையமே அவன் கொடுமைக்கு ஒளி தருவது. அதனைத் தீர்த்துவைக்கும் எத்தொடரும் அவனைச் சிறியவனாக்கும்.

இதற்கு மறுதலையாய் 2019-இல் ஒன்பது பகுதிகளாக வந்த 'வாட்ச்மென்' தொடரைக் காட்டலாம். ஆலன் மூரும் டேவ் கிப்பன்சும் 1986, 1987 ஆண்டுகளில் ஆக்கிய மூலத்தில் முகமறைப்பும் கழுத்தில் சுருக்குக்கயிறும் அணிந்த வீரன் ஒருவன் வருகின்றான். அவன் யாவன் என்பது அங்கு உறுதியாகச் சொல்லப்படவில்லை. ஊகம் மட்டுமே உண்டு. தொடரை ஆக்கியோர் அக்கயிற்றையே பற்றினர். 1921-இல் துல்சா நகரில் கறுப்பின மக்கள் கொலையுண்டபோது உயிர்தப்பிய சிறுவன், வளர்ந்து நியூயார்க்கில் காவலனாகின்றான். உடன்பணியாற்றும் வெள்ளையரே அவனைக் கயிற்றில் தூக்கி, உயிர்போகுமுன் இறக்கிவிடுகின்றனர். அதே கயிற்றோடும் முகமறைப்போடும் அவன் அன்றிரவு வீடு திரும்புகின்றான். மூலத்தில் முப்பதாண்டுகளுக்கு மேலாகப் படிப்போர் கண்முன் கிடந்தும் பொருள் வினவப்படாதிருந்த கயிறு அது. இவ்வரலாறு ஆறாம் பகுதியில் வைக்கப்பட்டதும், அவன் பேர்த்தி அவனுடைய நினைவுகளைத் தானே உற்று உணர்வதாக அமைக்கப்பட்டதும் மாடலன் உத்தியோடு ஒப்பிடத்தக்கன. தன் பாட்டனை இன்னானென்று அறியாத ஒருத்தி அவனை அறிந்துகொள்ளும் நிகழ்ச்சியாக முன்வரலாறு மாறுகின்றது. கதையின் புறத்தே நில்லாது, அது கதைக்குள்ளேயே ஒரு வினையாகிவிடுகின்றது.

நம் நாட்டில் இவ்வகையில் முன்னோடி எனத்தக்கது 1985-இல் தூர்தர்சனில் இந்தியில் வந்த விக்கிரமன் வேதாளத் தொடரே. தமிழ்ச் சிறார் அதனைக் காணுமுன்னரே, 1947 முதல் வெளிவந்த அம்புலிமாமாவின் வாயிலாக அக்கதையை அறிந்திருந்தனர். அரசன் ஏன் பிணத்தைச் சுமக்கின்றான் என்னும் துறவியின் சூழ்ச்சி வரலாறு, அவ்விதழில் தொடக்க வாய்பாட்டுக்குள் ஒடுங்கிப்போயிற்று. மரமும், தோளும், வாளும் மட்டும் எஞ்சின. எனினும் சங்கர் வரைந்த அவ்வொரு படமே போதுமானதாயிற்று. முன்வரலாறு குறைந்தமையால் கதை குன்றவில்லை.

மாயாவியைத் தமிழ்த் தொலைக்காட்சிக்கு ஆக்க முனைவோர் முதற்பகுதியிலேயே ஆய்வுக்கூட வெடிப்பைக் காட்டுதல் கூடாது என்போம். முதற்கண் தோன்றவேண்டுவது கை. அதனைக் கண்டோர் வினவுதல் வேண்டும். தென்னார்க்காட்டுத் தெருக்கூத்தில் திரை பிடித்திருக்க, அதன்பின் நின்று வரும் வேடதாரியைக் கட்டியங்காரன் 'நீர் யார்' எனக் கேட்பதும், அவன் தன் குலமும் பேரும் கூறுவதும் இம்மாவட்டத்தார் நன்கறிந்தது. வினவப்பட்ட பின்னரே வரலாறு வெளிப்படும் அம்முறையில், சொல்லுவோன் தனக்கு வேண்டியதைச் சொல்லி வேண்டாததை விடவும் இடமுண்டு. அவ்விடைவெளியைத் தொடர் பயன்படுத்திக்கொள்ளல் தகும்.

விடப்படுவது எது என்பதே மாயாவியின் உயிர்நிலை. முதற்கதையில் அவன் நல்லோன் அல்லன். மறையும் ஆற்றல் பெற்றதும் குற்றத்தில் இறங்கியவன். நிழற்படையின் உளவாளி ஆனது பின்னரே. தமிழ்நாட்டில் அவனைப் பற்றிய நினைவில் நிற்பதோ பெரும்பாலும் உளவாளியே, குற்றவாளி மறக்கப்பட்டான். விபத்தில் அறிவு பிறழ்ந்தான் என்று காரணம் காட்டி அக்குற்றத்தைத் துடைத்துவிடுதல் தொடர் எழுதுவோர்க்கு எளிது. அது மதுராபதி நெறி. எம் விருப்பம் மாடலனைத் தலைகீழாக்குதல். அந்நாளில் அவனால் பொருளோ சுற்றமோ இழந்த ஒருவர் வரவேண்டும். மின்சாரம் பாய்ந்து அவன் உடல் மறையத் தொடங்கும் வேளையில் அவர் அவ்வறையில் இருத்தல் வேண்டும். அவருக்கு முகம் தெரியாது. முகத்தை அவர் முன்னும் கண்டதில்லை. கையைக் கண்டதும் அடையாளம் கண்டுகொள்வார்.