மூன்றாம் சிறை

அரபு இலக்கியத்தில் வாழ்வின் வெறுமையைப் பாடியவர் யார் என்று வினவினால், அபுல் அலா அல்மஅர்ரீயின் பெயரே முதலில் வரும். அப்பெயரைக் கேட்டதும் ‘ஸிந்தீக்’ என்று கூறி ஏட்டை மூடிவிடும் பெரியவர்கள் நம்மில் உண்டு. கல்லூரியில் பயிலும் பிள்ளைகளோ, எங்கோ கிடைத்த மொழிபெயர்ப்பில் நாலு வரி பார்த்துவிட்டு, “ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் புலவர் சொல்லிவிட்டார், வாழ்வுக்குப் பொருளில்லை, ஆன்மா என்பதும் வெறும் பேச்சு” என்கின்றனர். இரு சாராரும் அவரைப் படிக்கவில்லை என்பதே என் கருத்து. எனினும் பின்னவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். வாழ்வு வீண் என்று நம்பத் தொடங்கிய இளைஞனுக்கு வசைமொழி மருந்தாகாது. அவன் சாட்சிக்கு அழைக்கும் புலவரை அவன் எதிரிலேயே விசாரிப்பதுதான் முறை.

ஹிஜ்ரி 363இல் (கி.பி. 973) சிரியாவின் மஅர்ரத்துன் நுஃமான் என்னும் ஊரில் பிறந்தார். நான்கு வயதளவில் பெரியம்மை கண்ணொளியைப் பறித்தது. பக்தாதில் ஒன்றரை ஆண்டளவு தங்கி, அன்னை நோயுற்ற செய்தி கேட்டுத் திரும்பினார்; வந்து சேருமுன் அன்னை காலமாகிவிட்டார். அதன்பின் பெரும்பாலும் வீட்டினுள்ளேயே அடைந்து கிடந்து, ஹிஜ்ரி 449இல் (கி.பி. 1057) மறைந்தார்.

அவர் பாடல் நூலின் பெயரையே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ‘லுஸூமு மா லா யல்ஸம்’, அதாவது ‘கட்டாயமில்லாததைக் கட்டாயமாக்கிக் கொள்ளல்’. அரபு யாப்பில் அடியிறுதியில் ஓரெழுத்து ஒன்றினால் போதும். இவரோ அதற்கு முன்னெழுத்தும் ஒன்ற வேண்டுமெனத் தமக்கே விதித்துக் கொண்டார். தமிழில் எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதுமென்றிருக்க, நூல் முழுவதும் மூன்றாம் எழுத்தும் ஒன்றுமாறு ஒருவர் பாடுவது போன்றது இது. அதுவும் போதாமல், அரபு எழுத்துக்கள் எல்லாவற்றிலும், அவை ஒவ்வொன்றின் உயிர்க்குறி மூன்றிலும் ஸுகூனிலும் பாடுவதாக முன்னுரையில் கூறுகிறார். அனைத்தும் வீண் என்பவருக்கு, எவரும் இடாத கட்டளைக்கு இத்தனை கீழ்ப்படிதல் எதற்கு? புலமைச் செருக்கு என்பர் சிலர். செருக்கும் இருந்திருக்கலாம். ஆனால் அதே மனிதர் ஊனும் பாலும் முட்டையும் நீக்கினார். தேன்கூட தேனீக்கள் தமக்கென உழைத்துச் சேர்த்த பொருள் என்று விலக்கினார். ஹலாலானதைத் தமக்குத்தாமே தடுத்துக்கொண்டது நமக்கு ஏற்புடையதன்று. ஃபாத்திமிய்யத் தாஈ அல்முஅய்யத் ஷீராஸீ இதுபற்றி அவருக்குக் கடிதங்களே எழுதினார். அது வேறு வழக்கு. தேனீயின் உழைப்புக்கு மதிப்புண்டு என்று கருதியவரை வெறுமையின் தூதராக்குவது எங்ஙனம்?

இனி ஆன்மாவுக்கு வருவோம். ‘இரு சிறைகளின் கைதி’ என்று அவர் அழைக்கப்பட்டதைப் பலரும் அறிவர். குருட்டுத்தன்மை ஒன்று, வீடு மற்றொன்று. ஆனால் லுஸூமிய்யாத்தில் அவர் மூன்று சிறைகளை எண்ணுகிறார். மூன்றாவது, இழிந்த உடலினுள் ‘நஃப்ஸ்’ அடைபட்டிருப்பது. என் வாதம் முழுதும் இச்சொல்லில்தான் நிற்கிறது. சிறை என்றாலே உள்ளே ஒருவர் இருக்கிறார், வெளியும் இருக்கிறது. ஆன்மா வெறும் பேச்சென்றால் அச்சிறையில் இருப்பவர் யார்? இதைப் பாடியவரின் வாயிலேயே ஆன்மா இல்லையென்னும் கூற்றைத் திணிக்கின்றனர் நம் பிள்ளைகள்.

உடலைவிட்ட உயிர் எங்கே செல்கிறது என்பதில் அவர் ஐயுற்ற பாடல்களும் அந்நூலில் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. இடைச்செருகல் என்று தள்ளிவிடவும் நான் துணியேன். ஏக இறைவனைப் போற்றும் பாடல்களுக்குப் பக்கத்திலேயே அவை நிற்கின்றன. ரூஹைப் பற்றி மனிதருக்கு அளிக்கப்பட்ட அறிவு சிறிதே என்பது திருமறை தரும் செய்தி. அச்சிறு அறிவோடு முட்டி மோதியவரின் குரலாகவே அவற்றை நான் படிக்கிறேன். இவரைப் போலவே சிறுவயதில் பார்வையிழந்து, 1914இல் இவரைப் பற்றி ஆய்வு செய்து டாக்டர் பட்டம் பெற்ற எகிப்தின் தாஹா ஹுஸைன், பிற்காலத்தில் மற்றுமொரு நூலுக்கு ‘அபுல் அலாவுடன் அவர் சிறையில்’ என்றே பெயரிட்டார்.

ஓரிடத்தில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடே இல்லை. தம்மைப் பெற்றது தந்தை தமக்கிழைத்த குற்றம் என்றும், தாம் எவருக்கும் அக்குற்றம் இழைக்கவில்லை என்றும் கல்லறையில் பொறிக்கச் சொன்னாராம். மணமும் மகவும் இறையருள் என நம்பும் நாம் இதை ஏற்கவியலாது. அவருடைய வாழ்வே இதை ஏற்கவில்லை என்றும் சொல்வேன். ஹிஜ்ரி 438இல் (கி.பி. 1047) அவ்வூர் வழியே சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், இருநூறு பேருக்கும் மேற்பட்டோர் அவரிடம் இலக்கியம் கற்கப் பல திசையிலிருந்தும் வந்து கூடியிருந்ததாக எழுதியுள்ளார். எழுபதைக் கடந்த அம்முதியவர் வாயால் சொல்லச் சொல்ல, அவர்கள் எழுதிக்கொண்டிருந்தனர்.