பந்து வராதவர்களுக்கு யார் பயிற்சி தருவது?

பள்ளி சாப்ட்பால் பயிற்சியில் நமக்கு நன்கு பழகிய காட்சி ஒன்று உண்டு. பயிற்றுநர் மட்டையால் பந்தை உருட்டி அடிப்பார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பிடித்து, முதல் பேஸுக்கு எறிந்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போவார்கள். பார்க்க அழகாக, கட்டொழுங்காக இருக்கும்.

இதைக் குறை சொல்வது எளிது. ஆனால் இதன் பலன் சிறிதல்ல. பேஸுக்குப் பேஸ் 18.29 மீட்டர்தான். வேகமான ஆட்டக்காரர் ஏறக்குறைய மூன்று விநாடியில் முதல் பேஸைத் தொட்டுவிடுவார். அதற்குள் பந்தை எடுத்து, கை மாற்றி, எறிந்தாக வேண்டும். கையுறையைத் தரையோடு வைக்கலாமா என்று அப்போது யோசிக்க முடியாது. முகத்துக்கு நேரே எகிறும் பந்துக்கு அஞ்சும் பிள்ளைக்கும் திரும்பத் திரும்பப் பிடிப்பதே மருந்து.

கணக்குப் பார்த்தால்தான் இடிக்கிறது. பதினைந்து பேர் வரிசையில், பத்து விநாடிக்கு ஒரு பந்து என்றால், ஒருவருக்கு இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் பந்து கிடைக்கும். மீதி நேரம் அரட்டை! மூவர் மூவராகப் பிரித்துக் கையாலேயே உருட்டச் சொன்னால் இந்தக் குறை தீரும், மட்டைகூட வேண்டாம்.

மழை இன்னொரு சிக்கல். மாலை இடிமழைக்கு அஞ்சி, கூரையுள்ள சிமெண்டுத் தளத்துக்குப் போவது கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் புதிதல்ல. சிமெண்டில் பந்து சொன்னபடி வரும். காற்பந்து பூட்ஸ் குழித்த திடலில் அது கேட்காது.

1994-இல் ஹால், டொமிங்கஸ், கவாசோஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், மூன்று வகைப் பந்துகளைக் கலந்து எதிர்கொண்ட பேஸ்பால் மட்டையாளர்கள் 57 விழுக்காடு முன்னேறினர். வகைவாரியாகப் பழகியவர்கள் 25 விழுக்காடுதான். அது மட்டையடி பற்றியது என்றாலும், தடுப்பாட்டத்துக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன். அடுத்த பந்து எங்கே வரும், எங்கே எறிய வேண்டும் என்று வரிசையில் நிற்பவருக்கு முன்பே தெரியும். முடிவெடுக்கும் வேலையே அங்கு இல்லை.

தோக்கியோ ஒலிம்பிக் இறுதி ஆட்டம், 2021 ஜூலை 27. அமெரிக்காவின் சிடெஸ்டர் அடித்த பந்து ஜப்பானின் மூன்றாம் பேஸ் யாமமோத்தோவின் கையில் பட்டுத் தெறித்தது. ஷார்ட்ஸ்டாப் அட்சுமி அதைத் தரையில் விழுமுன் பிடித்து, இரண்டாம் பேஸுக்கு எறிந்து இருவரை வெளியேற்றினார். ஜப்பான் 2-0 என வென்றது. பயிற்றுநர் அடித்துத் தரும் நூற்றுக்கணக்கான பந்துகளைத் தடுத்துப் பழகுவது ஜப்பானின் மரபு. அந்தக் கை அப்படி உருவானது என்று வரிசைப் பயிற்சியின் ஆதரவாளர்கள் சொல்லலாம். ஆனால் தன்னிடம் வராத பந்தை நோக்கி அவர் நகர்ந்திராவிட்டால் அந்தக் கைக்கு வேலையே இருந்திருக்காது. ஒன்பது பேரில் பந்து ஒருவரிடம்தான் போகும். மற்ற எட்டுப் பேருக்கு வரிசை எதையும் கற்றுத் தருவதில்லை. என் பார்வையில் இதன் பெரிய ஓட்டை இதுதான்.

அதற்காகப் புதியவர்களை முதல் வாரமே ஆட்டச் சூழலில் இறக்கினால் மோதலும் காட்டுத்தனமான எறிதலும்தான் மிஞ்சும். கை பழகிய பிறகு, பேஸில் ஓட்டக்காரரை நிறுத்தி, எத்தனை பேர் அவுட் என்று கூவிவிட்டு, எங்கு வேண்டுமானாலும் அடிக்கட்டும். அணித் தேர்வின் மதிப்பெண் தாளிலும், பிடித்த பந்துகளோடு, பின்துணைக்கு ஓடியவருக்கென ஒரு கட்டம் சேர்க்கலாம்.